பல் பிடிக்க இருபது வருஷம்

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பை ரிப்பேர் செய்கிறவரிடம் என் தோள்பையைக் கொடுத்தேன். ஜிப்பை இழுத்தால் மூடும். மூடிய கையோடு ரன்னருக்குப் பின்னாலேயே பிளந்துகொள்ளும். முழு ஜிப்பையும் மாற்றிவிடச் சொன்னேன். அவர் இரண்டு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பல்லு எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு, ரன்னர்தான் வாயைப் பொளந்துடுச்சு" என்றார். குறடால் ரன்னரின் இரண்டு பக்கமும் லேசாக ஓர் அமுக்கு. பல்வரிசைமேல் மெழுகுவத்தியால் ஒரு தேய்ப்பு. அவ்வளவுதான் வேலை.

ரன்னரின் மேல்தகட்டுக்கும் கீழ்த்தகட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு மயிரிழை கூடினால்கூட ஜிப் ஜிப்பாக இருக்காது. அந்த மயிரிழைக் கணக்கைப் பிடிக்க அமெரிக்காவில் ஒரு கம்பெனி இருபது வருஷம் படாத பாடு பட்டது. பெயரை மாற்றியது, ஊர் ஊராக இடம் மாறியது, போட்ட பணமெல்லாம் கரைந்தது. காப்புரிமைகளுக்கு மட்டும் குறைவே இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று வாங்கினார்கள். ஒவ்வொரு முறையும் அது ஊரார் பாவாடையில் பிளந்துகொண்டது.

"ஜிப்பைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று பொது அறிவுப் புத்தகங்கள் கேட்கும். சிலவற்றில் ஜட்சன் என்று விடை இருக்கும், சிலவற்றில் சுண்ட்பாக். எனக்கு இந்தக் கேள்வியே கோணலாகப் படுகிறது. ஜிப் செய்கிற மெஷினை யார் செய்தார் என்று கேட்டால்தான் கதை ஒழுங்காகப் புரியும்.

அதற்கு முன்னால், ஜிப் எப்படி மூடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தினமும் பத்துத் தடவை இழுக்கிறோம், பெரும்பாலோர் உள்ளே நடப்பதைக் கவனித்ததில்லை. உலோக ஜிப் ஒன்றை எடுத்து ஒரு பல்லை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் சின்ன மேடு, மறுபக்கம் அதே அளவில் ஒரு பள்ளம். கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல, இடப்பக்கப் பல்லின் மேடு வலப்பக்கப் பல்லின் பள்ளத்தில் உட்காரும், அதன் மேடு அடுத்த இடப்பக்கப் பல்லின் பள்ளத்தில் உட்காரும். ஒரே வரிசையில் அடுத்தடுத்துள்ள இரண்டு பற்களுக்கு நடுவில் விட்டிருக்கும் சந்து, எதிர்ப்பல்லின் உடம்பு நுழையப் போதும். உடம்போடு மேடும் சேர்ந்து நுழையப் போதாது. அதனால்தான் மூடிய ஜிப்பைப் பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் வராது. வெளியே வர வேண்டுமானால் மேடு பள்ளத்திலிருந்து எழ வேண்டும், எழுவதற்குச் சந்தில் இடம் இல்லை.

சரி, அப்படியானால் முதலில் உள்ளே எப்படிப் போனது? நாடாவை வளைத்தால் போகும். உள்ளங்கையை நேராக நீட்டி விரல்களைச் சேர்த்து வைத்தால் நடுவில் சந்தே இல்லை. பந்தைப் பிடிப்பதுபோல ஒரு வளைவின்மேல் பரப்பினால் விரல்கள் விரிந்துவிடுகின்றன. ரன்னருக்குள் ஒய் எழுத்து வடிவத்தில் பாதை இருக்கிறது. இரண்டு நாடாவும் அதன் இரண்டு கைகள் வழியாக வளைந்து வரும்போது பற்கள் விசிறிபோல் விரிகின்றன. விரிந்த சந்தில் எதிர்ப்பல் சிரமமில்லாமல் நுழைகிறது. அடுத்த நொடியில் பாதை நேராகிறது, சந்து சுருங்குகிறது, பல் மாட்டிக்கொள்கிறது. திறக்கும்போது ரன்னரின் நடுவிலுள்ள ஆப்பு இதையே திருப்பிச் செய்கிறது. ஸ்பிரிங் கிடையாது, கொக்கி கிடையாது, பூட்டு கிடையாது. நாடாவின் வளைவு மட்டும்தான்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. சட்டையில் ஒரு பட்டன் தெறித்துவிட்டால் மற்ற பட்டன்கள் சமாளித்துக்கொள்ளும். ஜிப்பில் நடுவே ஒரு பல் கோணினால் அங்கிருந்து மொத்தமும் பிளக்கும். ஏழு அங்குல பேன்ட் ஜிப்பில் எழுபது பல் என்று வையுங்கள், எழுபதும் ஒரே அச்சாக, ஒரே இடைவெளியில், ஒரே அழுத்தத்தில் நாடாவைக் கவ்வியிருக்க வேண்டும். அறுபத்தொன்பது சரியாக இருந்தால் போதாது. கைவேலையாக ஒரு மாதிரி செய்து காப்புரிமை அலுவலகத்தை நம்பவைக்கலாம். லட்சக்கணக்கில், அதுவும் பட்டன் விலைக்குப் போட்டியாக, இதைச் செய்வது வேறு சங்கதி.

தையல் மெஷினுக்காகப் பெயர்பெற்ற எலியாஸ் ஹோவ் 1851இலேயே தானாக மூடும் துணிப் பிணைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கி, அதோடு மறந்துவிட்டார். தையல் மெஷின் வழக்குகளே அவருக்குப் போதுமானதாக இருந்தன. நாற்பது வருஷம் கழித்து சிகாகோவில் விட்கோம்ப் ஜட்சன் வருகிறார். அழுத்தக் காற்றில் ஓடும் டிராம் வண்டிக்காகக் காப்புரிமைகளைக் குவித்து வைத்திருந்தவர். அந்த டிராம் தொழில் நிலைக்கவில்லை. 1893 ஆகஸ்ட் 29 அன்று அவருக்கு இரண்டு காப்புரிமைகள் கிடைத்தன, எண்கள் 504,037, 504,038. அன்றைக்கு மக்கள் போட்ட உயரமான பூட்ஸ்களில் வரிசையாகப் பட்டன்களோ கயிறோ இருக்கும். மாட்டிக் கழற்ற நேரமாகும். ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் கண்ணி, நடுவில் ஒரு வழிகாட்டியை ஓட்டினால் எல்லாம் வரிசையாக மாட்டிக்கொள்ளும் என்பதுதான் ஜட்சனின் யோசனை. வழிகாட்டி என்பது இன்றைய ரன்னரின் பாட்டன். பல் மட்டும் பல்லாக இல்லை, கொக்கியாக இருந்தது. அங்கேதான் சிக்கல்.

இதை நம்பிப் பணம் போட்டவர் லூயிஸ் வாக்கர், பென்சில்வேனியாவின் மீட்வில் என்ற சின்ன ஊர் வக்கீல். என் கணக்கில் இந்தக் கதையின் பிடிவாதக்காரர் இவர்தான். இருபது வருஷம் நஷ்டத்தைப் பார்த்தும் கையை விடவில்லை, ஊர்க்காரர்களையும் பங்கு வாங்கவைத்தார். ஜட்சனின் கொக்கிச் சங்கிலியைச் செய்ய ஒரு மெஷின் கட்டினார்கள். அது ஏகப்பட்ட பாகங்களோடு, ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்றிருந்தது. பிறகு ஜட்சன் ஒரு நல்ல காரியம் செய்தார்: கொக்கிகளை ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோக்காமல், தனித்தனியாகத் துணி நாடாவின் ஓரத்தில் கவ்வவைத்தார். அப்படியே நாடாவைத் துணியில் வைத்துத் தைத்துவிடலாம். இன்றைக்கும் உங்கள் ஜிப் அப்படித்தான் இருக்கிறது. ஜட்சன் விட்டுப்போனதில் நிலைத்தது இதுதான் என்று சொல்வேன்.

நாடாவோடு வந்த புது மாதிரிக்கு 'சி-க்யூரிட்டி' என்று பெயர் வைத்து 1905 வாக்கில் விற்றார்கள். விலை 35 சென்ட். அன்றைய கணக்கில் பாவாடையில் வைக்கும் ஒரு சாமானுக்கு அது கொள்ளை விலை. வீடு வீடாகப் போய் விற்றார்கள். வாங்கிய பெண்கள் உட்கார்ந்தாலோ குனிந்தாலோ பின்பக்கம் பிளந்துகொண்டது. துருப்பிடிக்கும் என்பதால் துவைக்கும் முன் தையலைப் பிரித்து எடுத்துவிட்டு, துவைத்த பிறகு மறுபடி தைக்க வேண்டும். ஒரு தடவை மானம் போனவர் இரண்டாம் தடவை வாங்குவாரா?

கிடியன் சுண்ட்பாக் வந்து சேர்ந்தது அடுத்த வருஷம். 1880இல் ஸ்வீடனில் பிறந்து, ஜெர்மனியில் பொறியியல் படித்து, 1905இல் அமெரிக்காவுக்கு வந்தவர். பிட்ஸ்பர்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர், அதாவது பெரிய மின்சார மெஷின்களின் ஆள். 1906இல் நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் ஊரில் இயங்கிவந்த இந்தக் கொக்கிக் கம்பெனிக்கு மாறினார். அங்கே மேலாளராக இருந்த பீட்டர் அரோன்சன் இன்னொரு ஸ்வீடன்காரர். அவர் மகள் எல்விராவை சுண்ட்பாக் 1909இல் மணந்தார். 1911இல் பிரசவத்துக்குப் பின் எல்விரா இறந்துபோனார். துக்கத்தை மறக்க சுண்ட்பாக் இரவு பகலாக டிராயிங் பலகையிலேயே கிடந்தார் என்று சொல்வார்கள்.

முதலில் பழைய கொக்கியையே சீர்திருத்தி 'பிளாக்கோ' என்று ஒன்று செய்தார். பிளப்பது குறைந்தது, நிற்கவில்லை. 1912இல் கொக்கியையே தூக்கிப் போட்டார்: ஒரு நாடாவின் ஓரத்தைத் தடித்த உருட்டாக ஆக்கி, எதிர் நாடாவிலுள்ள உலோகத் தாடைகள் அதைக் கவ்வும்படி செய்தார். அதற்கு வைத்த பெயர் 'கொக்கியில்லாதது, முதல் எண்' என்று பொருள்படும். அழகான மாதிரிதான். ஆனால் உலோகம் துணியைக் கடித்தால் யார் தேய்வார்கள்? சில தடவை திறந்து மூடியதும் நாடா நைந்துபோனது.

இந்தச் சமயத்தில் கம்பெனி கிட்டத்தட்ட மூடும் நிலை. மாமனார் பாரிஸுக்குப் போய்விட்டார். ஏறக்குறைய சுண்ட்பாக் ஒருவர்தான் மிச்சம். கம்பி வாங்கிய இடத்தில் பாக்கி நின்றது. பணம் இல்லாததால், பேப்பர் கிளிப் செய்யும் மெஷின் ஒன்றைச் செய்து கொடுத்து அந்தக் கடனைக் கழித்தார். இந்தச் சம்பவம் எனக்குப் பிடித்தமானது. இந்த மனிதரின் அசல் திறமை எது என்று இது காட்டிக்கொடுக்கிறது: கம்பியை உள்ளே விட்டால் சாமானாக வெளியே வரவைக்கத் தெரிந்தவர்.

1913 டிசம்பரில் 'கொக்கியில்லாதது' வரிசையின் இரண்டாம் எண் பிறந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பற்கள், ஆண் பெண் என்று பிரிவினை இல்லை. அங்குலத்துக்கு நாலு கொக்கி இருந்த இடத்தில் பத்து, பதினொன்று பற்கள். மேடும் பள்ளமும் மேலே சொன்னபடி. 1914 ஆகஸ்டில் விண்ணப்பம் போட்டு, 1917 மார்ச் 20 அன்று அமெரிக்கக் காப்புரிமை எண் 1,219,881 கிடைத்தது. 'பிரிக்கத்தக்க பிணைப்பான்' என்கிற மாதிரி ஓர் உப்புச்சப்பில்லாத தலைப்பு. ஜிப் என்ற சொல் அப்போது பிறக்கவே இல்லை.

இந்த வடிவம் சுண்ட்பாக் ஒருவர் மூளையில் மட்டும் உதிக்கவில்லை. சூரிச்சைச் சேர்ந்த கத்தரீனா கூன்-மூஸ் என்ற பெண்மணியும் ஹென்றி ஃபார்ஸ்டர் என்பவரும் சேர்ந்து, ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் பற்கள் கொண்ட பிணைப்பு ஒன்றுக்கு ஐரோப்பாவில் அதற்கு முன்பே காப்புரிமை எடுத்திருந்தார்கள். படத்தைப் பார்த்தால் இன்றைய ஜிப்பின் நெருங்கிய உறவு. ஆனால் அது தொழிற்சாலையைப் பார்க்கவே இல்லை. படம் படமாகவே நின்றுவிட்டது. இரண்டு தரப்புக்கும் நடுவே இருந்த வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: சுண்ட்பாக் மெஷினும் சேர்த்துச் செய்தார்.

அந்த மெஷினுக்கு 'எஸ்-எல்' என்று பெயர், கழிவில்லாதது என்று பொருள்படும் 'ஸ்கிராப்லெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். முன்பெல்லாம் தட்டைத் தகட்டிலிருந்து பல்லை வெட்டியெடுத்தால் வெட்டியதுபோக மிச்சம் நிறையக் குப்பையாகும். சுண்ட்பாக் என்ன செய்தாரென்றால், ஒய் வடிவக் குறுக்குவெட்டுள்ள கம்பியை எடுத்துக்கொண்டார். வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிவதுபோல அந்தக் கம்பியை அரிந்தால், ஒவ்வொரு வில்லையும் ஏற்கெனவே இரண்டு காலும் ஒரு தலையும் உள்ள பல்தான். தலையில் ஒரு குத்துக் குத்தினால் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மேடு. இரண்டு காலையும் நாடாவின் ஓரத்தில் வைத்து இறுக்கினால் கவ்விக்கொள்ளும். நாடா ஒரு பல் இடைவெளி நகரும். அடுத்த வில்லை விழும். வெட்டு, குத்து, கவ்வு, நகர்த்து. மனிதக் கை படாமல் எல்லாப் பல்லும் ஒரே இடைவெளியில். முதல் வருஷ முடிவில் நாளொன்றுக்குச் சில நூறு அடி ஜிப் அதிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இதே கதை அதே காலத்தில் இன்னொரு சாமானுக்கும் நடந்தது. பாட்டில் மூடிக் கம்பெனியின் விற்பனையாளராக இருந்த கிங் ஜில்லெட்டுக்கு 1895இல் யோசனை வந்தது: மெல்லிய தகட்டில் பிளேடு, மழுங்கினால் தூக்கிப் போட்டுவிடலாம். யோசனை வந்து ஆறு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. அவ்வளவு மெல்லிய எஃகைக் கோணாமல் கடினப்படுத்தித் தீட்ட முடியாது என்றே விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். முடித்துக் காட்டியவர் வில்லியம் நிக்கர்சன். பிளேடைக் கடினப்படுத்தும் முறை, தீட்டும் மெஷின் இரண்டும் அவர் வேலை. 1903இல் விற்றது 51 ரேசர். அடுத்த வருஷம், 1904இல், 90,000க்கு மேல். அந்த வருஷ நவம்பரில்தான் ஜில்லெட்டுக்குக் காப்புரிமையே கையில் வந்தது. பிளேடு உறையில் ஜில்லெட்டின் மீசை முகம் அச்சானது, நிக்கர்சனை யாருக்குத் தெரியும்? அவர் பெயரின் முதல் பாதி ஆங்கிலத்தில் சவரக் கத்தி போடும் சின்ன வெட்டைக் குறிக்கும் சொல் என்பது தனிச் சோகம்.

ஜிப்புக்குத் திரும்புவோம். மெஷின் ஓடத் தொடங்கியும் வாங்க ஆள் இல்லை. துணிக் கம்பெனிகளுக்கு பழைய பாவாடை அனுபவம் மறக்கவில்லை. உள்ளே விட்டது முதல் உலகப் போர்தான். கடற்படைச் சீருடையில் பணம் வைக்கத் தோதான பை கிடையாது. ஜிப் வைத்த இடுப்புப் பணப்பை வீரர்களிடையே ஓடியது. போர் முடிந்தபின் புகையிலைப் பைகள். அப்புறம் 1923இல் ஒஹையோ மாநிலம் ஆக்ரனிலிருந்த பி.எஃப். குட்ரிச் என்ற ரப்பர் கம்பெனி, பனியிலும் சேற்றிலும் செருப்புக்கு மேல் போடும் ரப்பர் பூட்ஸில் இதை வைத்தது. முதலில் அந்தப் பூட்ஸுக்கு 'மிஸ்டிக்' என்று பெயர். கம்பெனித் தலைவர் பெர்ட்ராம் வொர்க், இழுக்கும்போது வருகிற 'ஜிப்' என்ற சத்தத்தைப் பிடித்து 'ஜிப்பர்' என்று மாற்றினார். பூட்ஸின் பெயர், பூட்ஸில் இருந்த பிணைப்புக்குத் தாவி, அங்கிருந்து ஊர்முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடி குட்ரிச் கோர்ட்டுக்குப் போனபோது, பூட்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள் என்ற அளவில்தான் உரிமை மிஞ்சியது. மெஷினைக்கூட வேலி போட்டுக் காக்கலாம், ஊர் வாயில் விழுந்த சொல்லைக் காக்க முடியவில்லை.

இருபது வருஷம் சுமந்த கம்பெனி தன் ஜிப்புக்கு 1928இல் 'டாலன்' என்று வர்த்தகப் பெயர் வைத்தது, 1937இல் கம்பெனிப் பெயரும் அதுவே ஆனது. முப்பதுகளில் குழந்தைகளின் உடுப்பு, பாரிஸ் நாகரிக உடைகள், கடைசியாக ஆண்களின் பேன்ட் என்று எல்லாம் மளமளவென்று வந்துவிட்டன.

காப்புரிமை என்ற ஏற்பாட்டின் விசித்திரம் இந்தக் கதையின் தேதிகளில் தெரிகிறது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை கிடைத்த நாளிலிருந்து 17 வருஷம் செல்லும். ஜட்சனின் 1893ஆம் வருஷக் காப்புரிமைகள் 1910இல் காலாவதி. ஒழுங்காக மூடுகிற ஜிப் உருவானது 1913இல். அதாவது, முதல் யோசனைக்குக் கொடுத்த முழுப் பாதுகாப்புக் காலமும், பாதுகாக்க ஒன்றுமே இல்லாமல் ஓடிக் கழிந்தது. ஜட்சன் 1909இலேயே இறந்துவிட்டார், பாவம், ஒரு நல்ல ஜிப்பைக் கையால் இழுத்துப் பார்க்கவில்லை. சுண்ட்பாக்கின் நிலை வேறு. அவர் காப்புரிமை 1917இல் கிடைத்தது. 1923இல் பூட்ஸ், பிறகு பத்து வருஷம் நல்ல விற்பனை. கனடா உரிமையையும் கையில் வைத்துக்கொண்டு ஒன்டாரியோவின் செயின்ட் கேத்தரின்ஸ் ஊரில் சொந்தக் கம்பெனி நடத்தினார். 1954இல் வசதியாகவே கண்ணை மூடினார். ஒரே பண்டம், ஒரே கம்பெனி. ஒருவருக்குக் காப்புரிமை வெறும் காகிதம், இன்னொருவருக்குச் சொத்து. நடுவில் நின்றது அந்த வில்லை வெட்டும் மெஷின்.

1917உடன் 17ஐக் கூட்டினால் 1934. அதே 1934இல் டோக்கியோவில் தடாவோ யோஷிடா என்ற இளைஞர் ஜிப் கடை தொடங்கினார். கையால் கோத்த ஜிப்புகள்தான் முதலில். 1945இல் டோக்கியோ மேல் விழுந்த குண்டில் தொழிற்சாலை எரிந்தது. போருக்குப் பிறகு அமெரிக்க மெஷின் ஜிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கைவேலை ஜிப் தரத்திலும் விலையிலும் நிற்காது என்பது தெரிந்துவிட்டது. பற்களின் வடிவத்தை அப்போது யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், தடை இல்லை. ஆனாலும் 1950இல் யோஷிடா அமெரிக்காவிலிருந்து மெஷின்களை இறக்குமதி செய்யவேண்டியிருந்தது. அதோடு நிற்காமல், பித்தளையைத் தானே வார்த்து, நாடாவைத் தானே நெய்து, மெஷினையும் தானே கட்டும் இடத்துக்கு அந்தக் கம்பெனி போனது. அதன் பெயரின் மூன்று எழுத்துதான் இன்றைக்கு உலகம் முழுக்க ரன்னர்களில் பொறித்திருக்கும் ஒய்கேகே. தன் மெஷின்களை அது வெளியே விற்காமல் தன் ஆலைகளுக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

என் பையை ரிப்பேர் செய்தவரிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய ரன்னர்கள் கிடந்தன. எந்தப் பையில் கழன்றது, எந்த நாட்டில் செய்தது என்று எதுவும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. "அமுக்கினது ஆறு மாசம் தாங்கும். அப்புறமும் பொளந்தா கொண்டாங்க, அஞ்சாம் நம்பர்தான், மாத்திக்கலாம்" என்றார். ரன்னரைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் சின்னதாக 5 என்று பொறித்திருந்தது.